கிறிஸ்மஸ் மரத்தடியில் இடமில்லை: குட்டிப் பிள்ளைகளுக்கு எத்தனை பரிசு போதும்?

இருவால்அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா படிச்சிட்டுப் போறதோட சரி, இப்பதான் முதல் தடவையா இழை தொடங்குறேன். தப்பான பிரிவுல போட்டிருந்தா மட்டுறுத்துநர் மாத்திவிடுங்க.

பெரியவளுக்கு நாலரை வயசு, சின்னவனுக்கு ரெண்டு முடியப்போகுது. டிசம்பர் இப்பதான் பொறந்திருக்கு, அதுக்குள்ள பீரோ மேல கை வைக்க இடமில்ல. நானும் அவரும் வாங்கினது கம்மிதான். மாமியார் ஆகஸ்ட் மாசத்துலேர்ந்து ஒண்ணொண்ணா சேர்த்துட்டு வர்றாங்க. நாத்தனார் ஒரு பெரிய பெட்டி அனுப்பியாச்சு. கொழுந்தனார், பிள்ளைங்க உக்காந்து ஓட்டுற பேட்டரி கார் வாங்கப் போறேன்னு மிரட்டிட்டு இருக்கார். இதெல்லாம் காதுக்குப் போனதும் எங்க அம்மா, "அவங்க இத்தனை குடுக்கும்போது நான் மட்டும் வெறுங்கையோட வரணுமா"ன்னு அவங்க பங்குக்கு ஆரம்பிச்சிட்டாங்க.

கேக்க வேண்டியது மூணு. இந்த வயசுக்கு எத்தனை பரிசு போதும்? ஏற்கெனவே வந்து குவிஞ்சதை என்ன பண்றது? பெரியவங்க மனசு கோணாம எப்படிச் சொல்றது? மூணாவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்குது. வாயைத் திறந்தா "நாங்க ஆசையா வாங்கினதை மருமக வேணாங்கிறா"ன்னு ஆகிடும்.

மூன்றாவதுபெஞ்ச்

சிஸ், இது ஒரு பிரச்சனையா? குடுக்க ஆளே இல்லாம எத்தனை பிள்ளைங்க இருக்கு. என் சின்ன வயசுல வீட்டுக்குப் பொம்மைன்னு ஒண்ணு வந்ததே அபூர்வம். அதுவும் அண்ணன் விளையாடி சக்கரம் கழண்டதுக்கு அப்புறம்தான் என் கைக்கு வரும். என் மகன் 25ஆம் தேதி காலையில கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வர்றப்ப மரத்தடி நிறைஞ்சிருக்கணும். அவ்வளவுதான். வருஷத்துல ஒரு நாள், அனுபவிக்கட்டும். எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருக்கறதெல்லாம் பெரியவங்க வேலை, பிள்ளைங்க எண்ணாது.

நெல்லிக்கனி

நாலு வயசு ஆகிட்டா நல்லாவே எண்ணும் அண்ணே. தம்பிக்கு எத்தனை, எனக்கு எத்தனைன்னு விரல் விட்டு எண்ணும். அது இருக்கட்டும்.

போன கிறிஸ்மஸுக்கு எங்க அக்கா வீட்ல பக்கத்துல உக்காந்து பார்த்ததைச் சொல்றேன். அக்கா பையனுக்கு அப்ப ரெண்டு வயசு. முதல் பெட்டியில ஒரு குப்பை லாரி. பின்கதவைத் தூக்கினா திறக்கும், விட்டா 'டக்'குன்னு மூடும். அவன் தரையில குப்புறப் படுத்து, கண்ணை அந்தக் கதவுக்கு நேரா வெச்சுக்கிட்டு, தூக்குறான், விடுறான். கிழிச்ச கலர் பேப்பர்ல ஒரு துண்டை உள்ள போட்டு மூடினான். திறந்து இருக்கான்னு பார்த்தான். மறுபடி மூடினான். அவனுக்கு அது போதும், அன்னிக்கு முழுக்க அதுலயே இருந்திருப்பான். ஆனா சுத்தி ஒரு கூட்டம், ஆளுக்கொரு போன், எல்லாத்துலயும் வீடியோ ஓடுது. "கண்ணா இங்க பாரு, இது அத்தை வாங்கினது, பிரி பிரி." லாரியைக் கையிலேர்ந்து வாங்கி ஓரமா வெச்சாங்க. அவன் லாரி பக்கமே தவழ்ந்து போனான். தூக்கிட்டு வந்து அடுத்த பெட்டி முன்னாடி உக்கார வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல அழுகை. "பாரேன், இவ்வளவு வாங்கிக் குடுத்தும் அழறான்"னு ஒரு குரல் வேற.

அவன் அடம் பிடிக்கல. அவன் விளையாட்டை நாமதான் நடுவுல நிறுத்தினோம். பரிசு எத்தனைங்கறதை விட, எல்லாத்தையும் ஒரே மூச்சுல பிரிக்க வைக்கிறதுதான் எனக்கு உறுத்துது.

ரயில்பூச்சி

நெல்லிக்கனி பார்த்ததற்கு ஏறக்குறைய பொருந்துகிற ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்தது, 2018இல் வெளியானது. 18 முதல் 30 மாதம் வரை வயதுள்ள 36 குழந்தைகள். ஒரு தடவை 4 பொம்மைகளோடும், இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுக் கவனித்தார்கள். 4 இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். 16 இருந்தபோது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவல்தான்.

இருவால்அம்மா, உங்கள் சின்னவருக்குச் சரியாக அந்த வயது. இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது: வந்ததை எல்லாம் வெளியே வைக்க வேண்டாம். ஒரு பகுதி வெளியே, மீதி பெட்டியில் கட்டிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே இருப்பது அலுத்துப்போனதும் மாற்றுங்கள். மறைந்து திரும்பி வந்த பொம்மைக்குப் புதுப் பொம்மைக்குரிய மரியாதை கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை

ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அது ஆய்வுக்கென்று ஏற்பாடு செய்த அறை, கொஞ்ச நேர விளையாட்டு. வீட்டில் மாதக்கணக்கில் பொம்மைகள் கிடப்பதும் அதுவும் ஒன்றல்ல. ஆகவே 'நான்குக்கு மேல் கூடாது' என்று அதை வைத்துச் சட்டம் போடாதீர்கள். ஒரே நேரத்தில் கண் முன்னால் எத்தனை இருக்கின்றன என்பதற்குத்தான் அது சான்று, எத்தனை வாங்கினோம் என்பதற்கு அல்ல.

என் துறையிலிருந்தும் ஒன்று. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் கிறிஸ்மஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பரிசு வாங்கக் கொடுத்த விலையையும், பெற்றவர் அதற்குப் போடும் மதிப்பையும் ஒப்பிட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீண் என்பது அவர் கணக்கு. யார் கொடுத்த பரிசில் அதிகம் வீணாகிறது என்றும் பார்த்தார். தாத்தா பாட்டி, மாமா அத்தை வகையறாதான் முன்னால் நிற்கிறார்கள்.

பாட்டி_ஆன்லைன்

தம்பி கணக்குப்பிள்ளை, அந்த மனுஷன் யாரைக் கேட்டு எழுதினாராம்?

கணக்குப்பிள்ளை

கல்லூரி மாணவர்களைத்தான் அம்மா. பரிசில் இருக்கும் பாசத்தின் மதிப்பை விட்டுவிட்டு, பொருளுக்கு மட்டும் மதிப்புச் சொல்லச் சொன்னார்.

பாட்டி_ஆன்லைன்

அப்படிச் சொல்லு. பாசத்தைக் கழிச்சிட்டுப் பாட்டி பரிசுக்கு விலை போட்டா என்னத்த மிஞ்சும்?

இருவால்அம்மா, கண்ணு, நான் உன் மாமியார் கட்சி. அதனால அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்றேன் கேளு. பேரப்பிள்ளை தினம் பக்கத்துல இருந்தா ஆகஸ்ட்லேர்ந்து பொம்மை சேர்க்க மாட்டா. எப்பவோ ஒரு தடவைதான் பார்க்கப் போறோம், அந்த ஒரு நாள்ல பிள்ளை நம்ம முகத்தை மறக்காம இருக்கணும்னு ஒரு பதைப்பு. கடையில ஒரு பொம்மையைப் பார்த்ததும் பிள்ளை ஞாபகம் வருது, வாங்குறோம். வாங்கினதுமே பாதி சந்தோஷம் கிடைச்சாச்சு. மீதிப் பாதி, அதைப் பிரிக்கிறப்ப அந்த முகத்தைப் பார்க்கறதுல.

எங்ககிட்ட "வாங்காதீங்க"ன்னு சொன்னா காதுல ஏறாது, உள்ள குத்தும். "இதை நீங்கதான் வாங்கணும்"னு சொல்லு. "அத்தை, அவளுக்குச் சைக்கிள்னா உசிரு, அது உங்க கையால வரட்டும், வேற யாரையும் வாங்க விடமாட்டேன்"னு சொல்லிப் பாரு. ஆறு பொம்மைக்கு ஆகற காசு அந்த ஒண்ணுல போயிடும், மனசும் நிறைஞ்சிடும். இன்னொண்ணு, அவங்க குடுத்ததை அவங்க இருக்கறப்பவே பிரிக்க விடு. அவங்க ஊருக்குப் போனதுக்கு அப்புறம் பிரிச்சிட்டு போட்டோ அனுப்பாத.

இருவால்அம்மா

பாட்டிம்மா, சத்தியமா இந்தக் கோணத்துல நான் யோசிக்கல. நன்றி. ஆகஸ்ட்லேர்ந்து வாங்கி வெச்சதை என்ன பண்றதுன்னுதான் இப்ப தெரியல.

பாட்டி_ஆன்லைன்

அவங்க வீட்லயே இருக்கட்டும்னு சொல்லு. பிள்ளைங்க அங்க போனா விளையாட ஏதாவது வேணாமா? பாட்டி வீட்டுப் பொம்மைன்னு தனியா இருந்தா பாட்டி வீட்டுக்கும் தனி மவுசு.

இரவுப்பணி

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியர். எண்ணிக்கை பற்றி மற்றவர்கள் பேசட்டும். பரிசு குவியும் வீட்டில் நாங்கள் பயப்படும் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இரண்டு வயதுப் பிள்ளையும் நாலரை வயதுப் பிள்ளையும் ஒரே நேரத்தில், ஒரே பாயில், இருபது பெட்டியைப் பிரித்தால் எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. அக்காவுடைய பாசிமணி தம்பி வாயில் இருக்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று பொருள். பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பதை அறிவுக்கான அளவு என்று நினைத்து "எங்க பையன் கெட்டிக்காரன்" என்று வாங்கிக் கொடுப்பவர்கள் நிறைய. அது மூச்சுக்குழாய்க்கான எச்சரிக்கை.

பட்டன் பேட்டரி இதைவிட மோசம். காசு மாதிரி வட்டமாக இருக்குமே, அதுதான். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துபோகும். பேட்டரி உடைந்து கசிய வேண்டியதில்லை. ஈரமான திசுவில் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் காரம் (அல்கலி என்ற வேதிப்பொருள்) உருவாகிறது, அதுதான் அரிக்கிறது. பொம்மையை இயக்கச் சக்தி இல்லாத 'செத்த' பேட்டரியும் இதைச் செய்யும். பொம்மைகளில் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும், மினுக்கும் அலங்கார விளக்கிலும், குட்டி ரிமோட்டிலும் பெரும்பாலும் இருக்காது. கிறிஸ்மஸ் சமயத்தில் வீட்டில் இதெல்லாம்தானே இறைந்து கிடக்கிறது.

விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். அழுகை, வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். சக்திவாய்ந்த குட்டிக் காந்தங்களும் அப்படித்தான்: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

பிரிக்கும்போது ஒரு பெரியவர் வீடியோவை விட்டுவிட்டு, கையில் ஒரு பையோடு உட்கார்ந்து துண்டு துணுக்கு, கம்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது பொறுக்கிப் போட வேண்டும். ஐந்தாறு பெட்டி என்றால் அது நடக்கிற காரியம். இருபது என்றால் சத்தியமாக நடக்காது.

மூன்றாவதுபெஞ்ச்

சிஸ்டர், வாழ்த்து அட்டை விஷயம் எனக்குப் புதுசு. இப்பவே போய் வீட்ல இருக்கறதை எடுத்து ஒளிச்சு வைக்கிறேன்.

ஆனா மரத்தடி நிறையணும்கறதுல மாத்தமில்ல 🙂 காலி பெட்டிக்குக் கலர் பேப்பர் சுத்தி வெச்சிடலாமான்னு வீட்டம்மா கேக்கறா.

நெல்லிக்கனி

அண்ணே, அண்ணி புத்திசாலி. ரெண்டு வயசுக்குக் காலி பெட்டியே பரிசுதான், உள்ள போய் உக்காந்துக்கும்.

ரயில்பூச்சி

வாங்கியே ஆக வேண்டும் என்றால் எதை என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் 2016இல் வந்த ஆய்வு: 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் அவர்கள் பெற்றோரும், மொத்தம் 26 ஜோடி. விளக்கெரிந்து பாட்டுப் பாடிப் பேசுகிற மின்னணுப் பொம்மை, சாதாரணக் கட்டை வகைப் பொம்மை, படப் புத்தகம் என்று மூன்று வகை கொடுத்து வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பொம்மை பேசினால் பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள்! மின்னணுப் பொம்மையோடு இருந்தபோதுதான் பெரியவர்கள் பேசிய சொற்கள் ஆகக் குறைவு. புத்தகத்தோடு இருந்தபோது அதிகம். கணக்குப்பிள்ளை வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இதுவும் சின்ன ஆய்வுதான்.

கணக்குப்பிள்ளை

நான் ஒன்றும் சொல்லவில்லையே.

தூபவர்க்கம்

தாமதமாக வருகிறேன். எல்லாவற்றையும் 25ஆம் தேதி காலையிலேயே பிரித்தாக வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. கிறிஸ்மஸ் காலம், ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவான ஜனவரி 6 வரை நீள்கிறது. மரத்தையே அதுவரை வைத்திருக்கிறோம், பரிசு மட்டும் ஏன் ஒரு மணி நேரத்தில் தீர வேண்டும்? எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் காலையில் அப்பா அம்மா கொடுப்பது மட்டும்தான். சித்தப்பா கொடுத்தது சித்தப்பா வந்துபோகும் நாளில். பாட்டி கொடுத்தது பாட்டி வீட்டில். கடைசிப் பரிசு ஜனவரி 6 அன்று. நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, நடுவில் சில நாள் ஒன்றுமே இல்லை. பிள்ளைக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்றும் ஞாபகம் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியிலும் குழந்தை இயேசுவுக்கு வந்த பரிசு பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்றே மூன்றுதான். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று அங்கே எழுதியிருக்காது, பரிசு மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று வைத்துக்கொண்டோம். அந்தப் பரிசில் ஒன்றுகூட விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை என் மகள் கண்டுபிடித்து வருத்தப்பட்டாள்.

கவிழ்ந்தபெட்டி

மூத்த பிள்ளையைப் பத்தி யாரும் பேசலையே. நாலரை வயசு வேற உலகம். அதுக்கு விலை தெரியாது, பெட்டியோட அளவும் எண்ணிக்கையும்தான் தெரியும். தம்பிக்கு ஏழு, தனக்கு அஞ்சுன்னா அநியாயம். அந்த அஞ்சும் விலை கூடுதல்னு விளக்கம் சொல்லிப் பிரயோஜனமில்ல. அதனால எண்ணிக்கையைச் சமமா வெச்சுக்கோங்க, அதுவும் கீழ்க்கணக்குல சமமா. மேல ஏத்திச் சமம் பண்ணப் போனா முடிவே கிடையாது. நாங்க பின்பத்துறது: ஆசைப்பட்டது ஒண்ணு, தேவையானது ஒண்ணு, உடுத்த ஒண்ணு, வாசிக்க ஒண்ணு. இது ஊர் உலகத்துல நிறைய பேர் கடைப்பிடிக்கிற வழிதான், நான் கண்டுபிடிச்சதில்ல.

அடுத்தது கிறிஸ்மஸ் தாத்தா. எங்க வீட்ல தாத்தா பேர்ல வர்றது எப்பவும் சின்னப் பரிசு. பெருசா எது வந்தாலும் அதுல அப்பா அம்மா பேர், பாட்டி பேர் இருக்கும். பள்ளிக்கூடத்துல இவ போய் "எனக்குத் தாத்தா சைக்கிள் குடுத்தார்"னு சொல்ல, பக்கத்துல இருக்கற பிள்ளைக்குத் தாத்தா கலர் பென்சில்தான் குடுத்திருந்தார்னு வைங்க. நான் என்ன குத்தம் பண்ணேன்னு அந்தப் பிள்ளை யோசிக்காதா? "நல்ல பிள்ளையா இருந்தாத்தான் தாத்தா வருவார்"னு வேற நாம வருஷம் பூரா சொல்லி வெச்சிருக்கோம்.

தூபவர்க்கம்

இது முக்கியமான விஷயம். அந்தத் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸ், 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகர ஆயராக இருந்தவர். ஓர் ஏழைத் தகப்பனின் மூன்று மகள்களுக்குத் திருமணச் செலவுக்கான பொன்னை இரவில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்று கதை. கொடுத்தது யார் என்று தெரியக்கூடாது என்பதே அதன் சாரம். நம் வீடுகளில் 'இது யார் வாங்கினது தெரியுமா' என்று நான்கு பேர் போட்டி போடுகிறோம்.

பாட்டி_ஆன்லைன்

பேர் போடாம குடுக்கச் சொல்லி எனக்கு உபதேசம் பண்ணாதப்பா. அவர் புனிதர், நான் பாட்டி.

மட்டுறுத்துநர்

இழை குழந்தை வளர்ப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பொம்மைக் கடை விளம்பரம் ஒன்று நீக்கப்பட்டது. 'இந்த இழையிலேயே விளம்பரமா' என்று அதற்குக் கீழே வந்த ஆறு பதில்களும் சேர்த்து நீக்கம்.

இருவால்அம்மா

எல்லாருக்கும் நன்றி. இதுவரை என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன்.

அவர்கிட்ட நெல்லிக்கனி எழுதின லாரிக் கதையைப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. அப்புறம் போன்ல போட்டு வெச்சிருந்த ஆர்டர் ஒண்ணை ரத்து பண்ணினார்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. மாமியாருக்கு அவரே போன் பண்ணினார். அம்மாகிட்ட மகன் பேசறதுதான் சரின்னு நானும் வாயைத் திறக்கல. பாட்டிம்மா சொன்ன மாதிரியே, பெரியவளுக்குச் சைக்கிள் உங்க பரிசா இருக்கட்டும்னு சொன்னார். "அப்ப சின்னவனுக்கு?"ன்னு உடனே கேள்வி. அவனுக்கு மரக்கட்டை அடுக்கற செட் ஒண்ணு. வாங்கி வெச்சதுல மீதி அங்கயே இருக்கட்டும்னு சொன்னதுக்கு, "நானும் அதைத்தான் நினைச்சேன்"னாங்களாம். நினைச்சிருக்க மாட்டாங்க, பரவாயில்ல.

நாத்தனார் பெட்டியை இன்னும் திறக்கல. பெரியவளை விட்டுத் தானமா எதையாவது குடுக்கச் சொல்லலாமான்னு ஒரு யோசனை இருக்கு.

கவிழ்ந்தபெட்டி

பிரிச்சு அவ பார்த்ததுக்கு அப்புறம் குடுன்னு சொல்லாதீங்க, அது பிடுங்கற மாதிரி ஆகிடும். பிரிக்கறதுக்கு முன்னாடி, உங்க கையால, புதுசாவே குடுங்க. உடைஞ்சதையும் பாதி துண்டு தொலைஞ்சதையும் தானம்னு அனுப்பற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, வாங்கற பிள்ளையும் பிள்ளைதான். அவளாக் குடுக்கணும்னா, 'வேற ஒரு பிள்ளைக்கு நீயே ஒண்ணு தேர்ந்தெடு'ன்னு கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலரை வயசுக்கு அது பிடிக்கும்.

நாத்தனார் காதுக்குப் போகாம பார்த்துக்கோங்க, அது உங்க சாமர்த்தியம்.

மூன்றாவதுபெஞ்ச்

எல்லாம் சரி சிஸ், அந்த பேட்டரி கார் என்ன ஆச்சு? அதுக்காகத்தான் இழையை விடாம படிக்கிறேன்.

இருவால்அம்மா

"தாராளமா வாங்குங்க, ஆனா அது உங்க வீட்ல நிக்கட்டும், பிள்ளைங்க அங்க வந்து ஓட்டும்"னு சொன்னேன். ரெண்டு நாளா பதிலே இல்ல. இன்னிக்குக் காலையில, "கதைப் புத்தகம்னா எந்த வயசுக்கு எது வாங்கணும்?"னு மெசேஜ் வந்திருக்கு. ரயில்பூச்சி, ரெண்டு வயசுக்குக் கிழிக்க முடியாத கெட்டி அட்டைப் புத்தகம்தானே சரி? இன்னிக்கே சொல்லுங்க, அவர் மனசு மாறறதுக்குள்ள அனுப்பணும்.